ஆம்பியர் சரி, ஆனாலும் ரிலே ட்ரிப் ஆகிறது

போர் மோட்டார் 5 எச்பி, சாதாரண டிஓஎல் ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேரடியாக லைனில் போடுவது). போட்டால் கால் மணி நேரம் நன்றாக ஓடும், அப்புறம் ஓவர்லோட் ரிலே (கரண்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு) தட்டிவிடும். ஆறவிட்டு ரீசெட் அமுக்கினால் மறுபடி அதே கதை.

வயரைக் கவ்வி கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரில் மூன்று பேஸும் 9 ஆம்பியரை ஒட்டியே காட்டின. ரிலே செட்டிங் 10.5; அதைத் தாண்டினால்தான் தட்ட வேண்டும். இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கரில் வைண்டிங்கும் கேபிளும் சுத்தம். புது ரிலே மாற்றியும் பலனில்லை. மோட்டாரை மேலே தூக்கச் சொன்னார் எலக்ட்ரீஷியன். கரண்ட் சரியாக இருக்கும்போது எதற்குத் தூக்குவது?

ஒருமுறை ட்ரிப் ஆனவுடன் மெயினை அணைத்து, டெஸ்டரில் சப்ளை இல்லை என்று உறுதி செய்துகொண்டு ரிலேயின் அவுட்புட் திருகுகளைத் தொட்டேன். இரண்டு வெதுவெதுப்பு, பி பேஸ் மட்டும் கை வைக்க முடியாத சூடு. திருகு நல்ல இறுக்கம்தான். கழற்றிப் பார்த்தால், அது பாதி செம்பையும் பாதி வயரின் பிவிசி உறையையும் சேர்த்துக் கவ்வியிருந்தது! அந்தச் சூடு திருகு வழியே உள்ளிருக்கும் பைமெட்டலுக்கு (சூடானால் வளைந்து ரிலேயைத் தட்டும் பட்டை) போக, ரிலே அதை ஓவர்லோட் என்று எடுத்துக்கொண்டது. புது ரிலேயிலும் அதே முனையைத்தான் செருகியிருந்தார்கள்.

கருகிய நுனியை வெட்டி, உறையைச் சீவி, செம்பு லக்ஸை (வயர் நுனியில் மாட்டும் முனை) கிரிம்ப் செய்து, அதாவது அழுத்திப் பொருத்தி, முறுக்கினேன். செட்டிங்கைத் தொடவில்லை. இப்போது மும்முனை மின்சாரம் இருக்கும்வரை ஓடுகிறது. நிம்மதி.