குழுவாக்கிக் காரணிப்படுத்தும்போது எங்கே சறுக்குகிறது?

திருவாரூர் பக்கத்துச் செவ்வக வயல் ஒன்றை, நெடுக்கே ஒரு வரப்பும் குறுக்கே ஒரு வரப்பும் போட்டு நான்காகப் பிரிக்கிறோம். நீளம் க + 3, அகலம் ப + 2 என்றால் துண்டுகளின் பரப்பு கப, 2க, 3ப, 6. மொத்தம் கப + 2க + 3ப + 6. இந்தக் கூட்டலைப் பெருக்கலாகத் திருப்பி எழுதுவதுதான் காரணிப்படுத்தல்; உறுப்புகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அதைச் செய்வது குழுவாக்கல். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளைச் சேர்த்தால் க(ப + 2) + 3(ப + 2) என்று அழகாக வரும். மூலைக்கு மூலை இருக்கும் கப, 6 இரண்டையும் சேர்த்தால் பொதுவாக எடுக்க ஒன்றுமே இராது. "இதைக் காரணிப்படுத்த முடியாது" என்று பிள்ளைகள் பேனாவை மூடுவது பெரும்பாலும் இங்கேதான். ஜோடியை மாற்றினால் போதும். எதிரெதிர் மூலை உறுப்புகளின் பெருக்கற்பலன்கள் சமமாக இருக்கும் (கப × 6 = 2க × 3ப). எப்படி மாற்றி வைத்தாலும் இந்தச் சமம் வரவில்லையென்றால், இரண்டிரண்டாகப் பிரிப்பது பலிக்காது.

க(ப + 2) + 3(ப + 2) விடை அல்ல, இன்னும் கூட்டல்தான். (க + 3)(ப + 2) என்று முடிக்க வேண்டும். (ப + 2)-ஐ இரண்டு முறை எழுதி வர்க்கமாக்கிவிடுகிறவர்களும் உண்டு.

மதிப்பெண்ணை அதிகம் தின்பது கழித்தல் குறி. க³ − 3க² − 4க + 12-ஐ (க³ − 3க²) − (4க + 12) என்று எழுதினால் கணக்கு அங்கேயே கெட்டது. அடைப்புக்கு முன் கழித்தல் வந்தால் உள்ளே குறி மாறும்: (க³ − 3க²) − (4க − 12). பிறகு க²(க − 3) − 4(க − 3), அதாவது (க − 3)(க² − 4). இதோடு நிறுத்துவதும் தவறு. க² − 4 இன்னும் (க − 2)(க + 2) என்று உடையும்.

க³ + 5க² + க + 5-இல் இரண்டாம் ஜோடிக்குப் பொதுக் காரணி 1. அதை எழுதாமல் விட்டால் (க² + 1)(க + 5) என்பது க²(க + 5) ஆகிவிடும்.

6க² + 7க − 20 போன்றவற்றில் நடு உறுப்பைப் பிரிக்க −20-ஐ மட்டும் பார்க்காதீர்கள். 6 × (−20) = −120; பெருக்கினால் −120-உம் கூட்டினால் 7-உம் வரும் எண்கள் 15, −8. ஆக 6க² + 15க − 8க − 20 என்று நான்கு உறுப்பாக்கிக் குழுவாக்கலாம். விடை (3க − 4)(2க + 5).

சரிபார்க்க க = 1 போடாதீர்கள், அடுக்கில் பிழை இருந்தாலும் தெரியாது. 5 போடுங்கள்: மேலே உள்ள க³ − 3க² − 4க + 12 என்ற கோவை 125 − 75 − 20 + 12 = 42; காரணிகள் 2 × 3 × 7 = 42.