‘சூடு’, ‘பித்தம்’ என்று தள்ளிவிடாதீர்கள்: நீரிழப்பில் நாம் செய்யும் தவறுகள்

வெயில் நாளில் தலை கனத்தால் பித்தம், சிறுநீர் எரிந்தால் சூடு, எழும்போது கண் இருட்டினால் பிரஷர். நீரிழப்பின் முதல் அறிகுறிகளுக்கு நம் வீடுகளில் இப்படி வேறு பெயர் வைத்துவிடுகிறோம். பெயர் மாறினால் வைத்தியமும் மாறும்: தொப்புளில் விளக்கெண்ணெய், ஒரு தலைவலி மாத்திரை. தண்ணீர் மட்டும் உள்ளே போகாது.

முதலில் சிறுநீரைப் பாருங்கள். வெளிர் வைக்கோல் நிறம் நல்லது; நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்தால் உடம்பு தண்ணீரை இறுக்கிப் பிடிக்கிறது. விடிந்ததும் போவது எப்போதும் அடர்த்தியாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும் பளீர் மஞ்சளாக்கும். எரிச்சலோடு காய்ச்சலும் இருந்தால் அது ‘சூடு’ இல்லை, தொற்றாக இருக்கலாம், பரிசோதனை தேவை. கழிப்பறை வசதி இல்லை என்று தண்ணீரைத் தவிர்க்கும் ஜவுளிக்கடைப் பெண்களும் பள்ளி மாணவிகளும் இந்த அடர்ந்த நிறத்தைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். பழகிப்போனால் அது சரியென்று ஆகாது.

‘தாகமே இல்லையே’ என்பது பெரியவர்கள் சொல்வது. வயதாக ஆக தாக உணர்வு மங்கிவிடும். பிரஷருக்கு நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் வெளியேற்றுவது) எடுப்பவர்களுக்கு இழப்பும் அதிகம். தண்ணீரை நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் புறங்கையைக் கிள்ளிப் பார்ப்பது வீண்: வயதான தோல் எப்படியும் மெதுவாகத்தான் படியும். உலர்ந்த நாக்கு, வழக்கமில்லாத தடுமாற்றம், குழப்பமான பேச்சு ஆகியவற்றைக் கவனியுங்கள்.

அதிகம் தவறு நடப்பது, வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். பொடியைக் கரைப்பதில். பெரிய பாக்கெட் 1 லிட்டர் தண்ணீருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் போட்டால் அளவு தப்பும். கரைசல் கெட்டியானால் குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டும். குழந்தைக்கு ரத்தத்தில் சோடியம் ஏறும். கரைத்த பின் கொதிக்க வைக்கக் கூடாது, 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். பாக்கெட் கிடைக்கும்வரை 1 லிட்டருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 2 வயதுக்குள் உள்ள குழந்தை என்றால் ஒவ்வொரு முறை வயிற்றால் போனதும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள், நிறுத்திவிடுவதுதான் தவறு.

அட்டைப் பெட்டிப் பானங்கள் இதற்கு ஈடல்ல. அவற்றின் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போடுவதற்கே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை விதித்தது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வயிற்றுப்போக்குக்கு அது போதாது, சிறுநீரக நோயாளிகளுக்கு ஆபத்து. மணிக்கணக்கில் வியர்த்தவர் வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் சோடியம் நீர்த்து, குமட்டலும் தலைவலியும் வரும். உப்புப் போட்ட நீர்மோரோ கஞ்சித் தண்ணீரோ இடையிடையே குடிக்கட்டும்.

குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, கண் உள்வாங்கினாலோ, குடிக்க மறுத்தாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டபின் படிய 2 விநாடிக்கு மேல் ஆனாலோ, கரைசலை ஊட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விழுங்க முடியாத, நினைவு தப்பிய குழந்தையின் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.