வீட்டிலேயே ஸ்டிக்கர் ஷீட்: வெட்டுக்கோடு விலகாமல் அச்சிடுவது எப்படி?

தாள் வீணாவது பெரும்பாலும் படத்தால் அல்ல, அச்சிலும் வெட்டிலும்தான். அதனால் வரைவதை இங்கே தொடவில்லை. பின்னணி நீக்கிய, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) பிஎன்ஜி படங்கள் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. அகல ஸ்டிக்கருக்குச் சுமார் 590 பிக்சல் வேண்டும்.

தாள்: வினைல், அதாவது பின்னால் பசையுள்ள பிளாஸ்டிக் தாள். இங்க்ஜெட் பிரிண்டருக்கு இங்க்ஜெட் வினைல், லேசருக்கு லேசர் வினைல். இங்க்ஜெட் வினைலை லேசரில் போட்டால், மையைச் சுட்டு ஒட்டவைக்கும் ஃப்யூசரின் சூட்டில் வினைல் உருகி உருளையில் அப்பிக்கொள்ளும். பளபளப்பை விட மேட் (பளபளக்காத) வினைலே நல்லது.

1. சில்லவெட் வெட்டும் இயந்திரத்தின் மென்பொருளான சில்லவெட் ஸ்டுடியோவில் ஏ4 பக்கம் திறந்து, முதலில் ரெஜிஸ்ட்ரேஷன் குறிகளைப் போடுங்கள்; இவற்றைப் படித்துத்தான் இயந்திரம் வெட்டும் இடத்தைக் கண்டுபிடிக்கும். படங்களை அவற்றுக்கு உள்ளே, குறைந்தது 10 மி.மீ. இடைவெளியில் அடுக்குங்கள். இலவசப் பதிப்புக்குப் பிஎன்ஜி போதும்.

2. ஒவ்வொரு படத்தையும் வெளிவிளிம்பு மட்டும் ட்ரேஸ் செய்து (விளிம்பைச் சுற்றிக் கோடு எடுத்து), 3 மி.மீ. ஆஃப்செட் (அதற்கு வெளியே தள்ளி இன்னொரு கோடு) கொடுங்கள். ஆஃப்செட் கோடு மட்டும் வெட்டுக்கோடு. ட்ரேஸ் கோட்டுக்கு வெட்டு வேண்டாம். தமிழ் எழுத்து ஸ்டிக்கரில் மெய்யெழுத்தின் புள்ளியைக் கவனியுங்கள். இரு பக்கமும் 3 மி.மீ. விரிவதால் 6 மி.மீ.க்குக் குறைவான இடைவெளி தானே மூடிவிடும். அதற்கு மேல் என்றால் புள்ளி தனி ஸ்டிக்கராகக் கழன்றுவரும், ஆஃப்செட்டைக் கூட்டுங்கள். வெள்ளை விளிம்பு வேண்டாம் என்றால், பின்னணி நிறம் வெட்டுக்கோட்டைத் தாண்டி 2 மி.மீ. ஓடட்டும்.

3. அச்சு. நிதானம் தேவைப்படும் இடம் இதுதான். பிரிண்டர் அமைப்பில் 'பக்கத்துக்குப் பொருத்து' இருந்தால் எல்லாம் சுருங்கும். 3 சதவீதம் சுருங்கினாலே 200 மி.மீ. தூரத்தில் 6 மி.மீ. விலகல், குறி இருக்க வேண்டிய இடத்தில் இயந்திரத்துக்கு அது கிடைக்காது. அளவை 100% ஆக்கினாலும் ஒரு பொறி உண்டு: ஓரமில்லா அச்சு தேர்வாகியிருந்தால், தாளின் விளிம்பு வரை மை போக வேண்டும் என்று பிரிண்டர் படத்தைச் சற்றே பெரிதாக்கிவிடும். அதை அணையுங்கள். பிறகு 100 மி.மீ. கோடு ஒன்றைச் சாதாரணத் தாளில் அச்சிட்டு ஸ்கேலால் அளந்து பாருங்கள். 100 வராமல் வினைலைப் போடாதீர்கள். வினைலை ஒவ்வொரு தாளாக ஊட்டி, தாள் வகையை மேட் ஃபோட்டோ என்று வையுங்கள். சாதாரணத் தாள் என்றிருந்தால் நிறம் வெளிறும்.

4. மை நன்றாகக் காயட்டும். ஈரத்தின் மேல் லேமினேஷன் (மேலே ஒட்டும் ஒளிபுகும் காப்புப் படலம்) போட்டால் குமிழி வரும், மை கலங்கும்.

5. தாளை வெட்டும் இயந்திரத்தில் ஏற்றி, முழுதாக வெட்டும் முன் மூலையில் ஒரு சிறு சதுரம் வெட்டிப் பாருங்கள். வினைல் மட்டும் அறுபட வேண்டும், பின்தாள் முழுதாக இருக்க வேண்டும். உரித்த பின் பின்தாளில் மெல்லிய கீறல் தெரிந்தால் சரி. மறுபக்கம் தடம் தெரிந்தால் ஆழம் அதிகம். ஆழம் சரியாக இருந்தும் மூலைகள் கிழிகிறதா? வேகத்தைக் குறையுங்கள், பிளேடு நுனியில் ஒட்டிய பசையைத் துடையுங்கள். கூர் மூலைகளைச் சற்று வளைத்துவிடுவதும் நல்லது; ஸ்டிக்கர் முதலில் பெயர்வது அங்கேதான்.

பின்சேர்க்கை: லேமினேஷன் போட்ட பின் இயந்திரம் குறியைப் படிக்க மறுக்கிறது என்றால், பெரும்பாலும் பளபளப்புதான் காரணம். மேட் வினைலைச் சொன்னதும் இதனால்தான். குறிகளின் மேல் மட்டும் பளபளக்காத ஒளிபுகும் டேப்பை ஒட்டுங்கள், படித்துவிடும். படலத்தின் கனம் கூடுவதால் பிளேடு ஆழத்தை ஒரு படி ஏற்றி, சதுரச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.