பேஸ்பால் டிரேடைப் புரிந்துகொள்வது எப்படி? மைனர் லீக் பையன்களிலிருந்து ஆரம்பிப்போம்

ஜூலை வந்துவிட்டால் அமெரிக்க பேஸ்பாலில் வதந்திக்குப் பஞ்சமே இருக்காது. இன்னாரை இன்னாருக்கு மாற்றப் போகிறார்களாம் என்று தினம் ஒரு பேச்சு கிளம்பும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு நட்சத்திரத்தின் பெயர் தெரிந்திருக்கும். அவருக்குப் பதிலாகப் போகிற நாலைந்து மைனர் லீக் (மேஜர் லீகுக்குக் கீழே ஆள் தயாராகிற லீக்) பையன்கள் யார், அவர்களுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்பதுதான் பிடிபடாது. ஒரே ஒரு டிரேடை (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதை) வைத்து அதைப் பார்த்துவிடலாம்: 2022 ஆகஸ்ட் 2 அன்று வாஷிங்டன் நேஷனல்ஸ், தன் நட்சத்திர பேட்டர் ஹுவான் சோட்டோவை சான் டியேகோ பேட்ரெஸுக்குக் கொடுத்தது.

படி 1: யார் வாங்குகிறார்கள், யார் விற்கிறார்கள்

முதலில் 30 அணிகளின் வெற்றி தோல்விப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். பிளேஆஃப் (சாம்பியன் பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகள்) வாய்ப்புள்ள அணி, இந்த வருஷமே உதவக்கூடிய ஆளைத் தேடும். வாய்ப்பு போன அணி, இருக்கிற நல்ல ஆளைக் கொடுத்து இளைஞர்களைக் கேட்கும். 2022 சீசனில் நேஷனல்ஸ் 107 ஆட்டங்களில் தோற்றது, அது எந்தப் பக்கம் என்று ஆராய வேண்டியதே இல்லை. நடுவில் தொங்குகிற அணிகள்தான் தலைவலி. ஒரு வாரம் தொடர்ந்து தோற்றால் மனசை மாற்றிக்கொள்வார்கள். ஆரம்பத்தில் அவர்களைத் தொடாதீர்கள்.

டிரேடு செய்வதற்கான கெடு பெரும்பாலும் ஜூலை கடைசியில் வரும், சில வருஷம் ஆகஸ்ட் முதல் ஓரிரு நாளுக்குத் தள்ளிப்போகும். கெடு நியூயார்க் நேரம் மாலை 6 மணி என்றால் இந்தியாவில் மறுநாள் விடியற்காலை 3.30.

படி 2: கையில் எத்தனை வருஷம் இருக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மேஜர் லீகில் ஒரு வீரர் ஆறு வருஷம் சேவை முடித்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட் ஆகி, விரும்பிய அணிக்குப் போக முடியும். 172 நாள் மேஜர் லீக் அணிப் பட்டியலில் இருந்தால் ஒரு வருஷக் கணக்கு. முதல் மூன்று வருஷம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே கிடைக்கும். அதற்குப் பிறகு ஆர்பிட்ரேஷன் (சம்பளத்தை நடுவர் முடிவு செய்யும் முறை) மூலம் சம்பளம் ஏறும். அதாவது இன்னும் மேலே வராத ஒரு மைனர் லீக் பையனை வாங்குகிற அணிக்கு, அவன் தேறினால், அவனுடைய மலிவான ஆறு வருஷமும் முழுசாகக் கிடைக்கிறது.

சோட்டோவுக்கு அப்போது 23 வயது. 15 வருஷத்துக்கு 44 கோடி டாலர் தருகிறோம் என்று நேஷனல்ஸ் சொல்லியும் மறுத்துவிட்டார். 2024 முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிவிடுவார். ஆக பேட்ரெஸ் வாங்கியது சுமார் இரண்டரை சீசன். கூடவே வந்த ஜாஷ் பெல்லுக்கு அந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது. எதிர்ப்பக்கம் போனவர்கள்: சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கன்சி கோர், ராபர்ட் ஹாசல், ஜேம்ஸ் வுட், ஹார்லின் சுசானா, அனுபவசாலி லூக் வாய்ட். (முதலில் வாய்ட்டுக்குப் பதிலாக இன்னொரு பேட்ரெஸ் வீரர் எரிக் ஹாஸ்மரைத்தான் அனுப்பப் பார்த்தார்கள். டிரேடை மறுக்கும் உரிமை அவர் ஒப்பந்தத்திலேயே இருந்தது, மறுத்துவிட்டார்.) பெயர்களை மறைத்துவிட்டு இரண்டு பக்கமும் வருஷங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நேஷனல்ஸ் ஏன் சம்மதித்தது என்று தெரியும்.

படி 3: பையன் ஏணியில் எங்கே நிற்கிறான்

ஒவ்வொரு அணிக்கும் கீழே நான்கு மைனர் லீக் அணிகள் உண்டு: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. அதற்கும் கீழே ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் காம்ப்ளெக்ஸ் லீக், டொமினிகன் குடியரசில் கோடைக்கால லீக். சோட்டோ டிரேடில் ஏப்ரம்ஸும் கோரும் ஏற்கெனவே மேஜர் லீகைத் தொட்டவர்கள். ஹாசல் ஹை-ஏ, வுட் சிங்கிள்-ஏ, சுசானா 18 வயதில் காம்ப்ளெக்ஸ் லீகில் பந்து வீசிக்கொண்டிருந்த பொடியன். கீழே போகப் போக ஆபத்தும் அதிகம், காத்திருக்கும் காலமும் அதிகம். புத்திசாலி அணி எல்லாப் படியிலிருந்தும் ஆள் கேட்கும்.

படி 4: முதலில் வயது, அப்புறம் எண்கள்

ஒரே பேட்டிங் சராசரியை (பேட் செய்ததில் எத்தனை பங்கு ஹிட் என்ற கணக்கு) 19 வயதுப் பையனும் 24 வயதுக்காரரும் ஹை-ஏயில் வைத்திருந்தால், நான் யோசிக்காமல் 19ஐ எடுப்பேன். தன்னைவிட மூத்த பிட்சர்களை (பந்து வீசுபவர்களை) சமாளிக்கிறான் என்பதே பெரிய சேதி.

எண்களில் புதியவர்கள் ஹோம் ரனைத்தான் (பந்தை வேலி தாண்டி அடிப்பது) முதலில் தேடுவார்கள். வேண்டாம். 1990ல் பாஸ்டனின் டபுள்-ஏ அணியில் ஜெஃப் பேக்வெல் அடித்தது வெறும் 4 ஹோம் ரன், ஆனால் சராசரி .333. சீசன் கடைசியில் உதவ ஒரு ரிலீஃப் பிட்சர் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து வீசுபவர்) வேண்டுமென்று, லாரி ஆண்டர்சனுக்காக அவரை ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பேக்வெல் மேஜர் லீகில் 449 ஹோம் ரன் அடித்து ஹால் ஆஃப் ஃபேமுக்கு (பெரும் வீரர்களுக்கான கௌரவப் பட்டியல்) போனார்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது), வாக் (நான்கு தவறான பந்துக்கு முதல் பேஸ் கிடைப்பது) இரண்டும். எத்தனை முறை பேட் செய்ய வந்தான், அதில் எத்தனை ஸ்ட்ரைக்அவுட் என்று வகுத்துப் பாருங்கள். 2023ல் டபுள்-ஏ ஹாரிஸ்பர்க்கில் வுட் ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை ஸ்ட்ரைக்அவுட் ஆனார். பலருக்கும் அது கவலையாக இருந்தது. மறு வருஷம் டிரிபிள்-ஏ ராச்செஸ்டரில் அது ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது, சராசரி .353. முன்னேற்றம் என்றால் இதுதான். 2024 ஜூலை 1 அன்று மேஜர் லீகுக்கு வந்தார். 2025ல் 31 ஹோம் ரன், கூடவே 221 ஸ்ட்ரைக்அவுட்! பழைய கோளாறு முழுசாகப் போகவில்லை.

மைதானத்தையும் கவனியுங்கள். அல்புகர்க்கி, ரீனோ மாதிரி உயரமான, காற்று மெலிந்த ஊர்களில் பந்து எக்கச்சக்கமாகப் பறக்கும். அங்கே அடித்த ஹோம் ரன்னில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். பிட்சர் அங்கே ரன் கொடுத்தால் உடனே திட்டவும் கூடாது.

படி 5: 40 பேர் பட்டியல்

18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமான பையனை ஐந்து சீசனுக்குள், 19 அல்லது அதற்கு மேல் என்றால் நான்கு சீசனுக்குள், அணியின் 40 பேர் பட்டியலில் (அணி பாதுகாத்து வைக்கக்கூடிய வீரர்கள்) சேர்க்க வேண்டும். இல்லையென்றால் டிசம்பரில் ரூல் 5 டிராஃப்டில் (பட்டியலில் இல்லாதவர்களைப் பிற அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். இடம் போதாத அணி, இரண்டு நல்ல பையன்களைக் கொடுத்து ஒரே ஒருவரை வாங்குவதற்கு இது ஒரு காரணம். வெளியிலிருந்து பார்த்தால் ஏமாந்த மாதிரித் தெரியும்.

படி 6: நீங்களே ஒரு டிரேடைப் போட்டுப் பாருங்கள்

பழைய ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது. 2015 ஜூலை 29 அன்று நியூயார்க் மெட்ஸ் வீரர் வில்மர் ஃப்ளோரெஸ் மில்வாக்கிக்குப் போகிறார் என்று ஆட்டத்தின் நடுவிலேயே செய்தி பரவி, மனிதர் மைதானத்தில் நின்றபடி அழுதுவிட்டார். பதிலுக்கு வரவேண்டிய கார்லோஸ் கோமஸின் இடுப்பைப் பற்றிச் சந்தேகம் என்று சொல்லி டிரேடு நின்றுபோனது. மருத்துவப் பரிசோதனை முடியாமல் எந்த வதந்தியையும் நம்பாதீர்கள். இரண்டு நாள் கழித்து அதே ஃப்ளோரெஸ் 12வது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார்.

அதே ஜூலை 31 அன்று மெட்ஸ் வேறொரு டிரேடு செய்தது. டெட்ராய்டிலிருந்து யோனிஸ் செஸ்பெடஸ் வந்தார், மைக்கேல் ஃபுல்மரும் லூயிஸ் செஸாவும் போனார்கள். செஸ்பெடஸுக்கு அந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது. ஃபுல்மர் டபுள்-ஏ பிட்சர், மறு வருஷமே அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் ஆனார். மெட்ஸ் அந்த இலையுதிர் காலத்தில் வேர்ல்ட் சீரிஸ் (சாம்பியன் பட்டத்துக்கான இறுதிப் போட்டி) வரை போனது. மேலே சொன்ன ஐந்து படியையும் இதில் போட்டுப் பாருங்கள். வருஷக் கணக்கு டெட்ராய்டு பக்கம்தான் சாயும், ஆனாலும் நான் மெட்ஸாக இருந்தால் மறுபடியும் அதையே செய்வேன்.