ஒன்றன்மேல் ஒன்று படியும் நினைவகப் பகுதிகளில் தரவை இழக்காமல் நகர்த்துவது எப்படி?

நாகர்கோவில் வடசேரியிலிருந்து களியக்காவிளை செல்லும் பேருந்தின் முக்கிய நிறுத்தங்களை வரிசையாகக் காட்டும் ஒரு சிறு நிரலைச் சி மொழியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நாகர்கோவில், சுங்கான்கடை, தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என ஐந்து பெயர்களை ஓர் அணியில், அதாவது ஒரே அளவுள்ள கட்டங்களின் வரிசையில், இட்ட பிறகுதான், சுங்கான்கடைக்கும் தக்கலைக்கும் இடையிலுள்ள வில்லுக்குறி விடுபட்டிருப்பது தெரிகிறது. அதை உரிய இடத்தில் சேர்க்க, தக்கலை முதல் உள்ள மூன்று பெயர்களையும் ஒரு கட்டம் தள்ளி வைக்க வேண்டும். எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இந்த வேலையில்தான் தரவை இழக்கிறார்கள்.

படி 1: முகவரிகளைத் தாளில் எழுதுங்கள்

முதலில் ஒரு கட்டத்தின் அளவை முடிவு செய்வோம். எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் இடம் பிடிக்கிறது. புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. அதனால் மார்த்தாண்டம் என்ற பெயருக்கு 13 குறியீடுகள், அதாவது 39 பைட், முடிவைக் குறிக்கும் சுழியையும் சேர்த்தால் 40 பைட் தேவைப்படுகிறது. ஒரு கட்டத்துக்கு 64 பைட் என்று வைத்துக்கொண்டால் போதும்.

மொத்தம் 6 கட்டங்கள். அவற்றின் எண்கள் 0 முதல் 5 வரை. கணக்கிட எளிதாக இருக்கட்டும் என்று, அணியின் தொடக்க முகவரியை, அதாவது நினைவகத்தில் அதன் முதல் பைட்டின் எண்ணை, 1000 எனக் கொள்வோம். தக்கலை இருக்கும் 2ஆம் கட்டம் 1128இல் தொடங்குகிறது. நகர்த்த வேண்டியது 3 கட்டங்கள், அதாவது 192 பைட். எடுக்கும் இடமான மூலப் பகுதி 1128 முதல் 1319 வரை. வைக்கும் இடமான இலக்குப் பகுதி 1192 முதல் 1383 வரை. 1192 முதல் 1319 வரையிலான 128 பைட் இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது. இந்தப் பொதுப் பகுதியைக் கண்ணால் பார்த்துவிட்டால், மீதி எல்லாம் தானாகப் புரியும். ஆகவே இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள்.

படி 2: முன்பக்கத்திலிருந்து நகலெடுத்துப் பாருங்கள்

2ஆம் கட்டத்தை 3இல் எழுதினால், அங்கிருந்த மார்த்தாண்டம் அழிந்து தக்கலை வந்துவிடுகிறது. அடுத்து 3ஐ 4இல் எழுதும்போது, நாம் எடுப்பது மார்த்தாண்டம் அல்ல, சற்றுமுன் எழுதிய தக்கலையே. 4ஐ 5இல் எழுதும்போதும் அதுவே நடக்கிறது. முடிவில் கிடைப்பது:

நாகர்கோவில், சுங்கான்கடை, தக்கலை, தக்கலை, தக்கலை, தக்கலை

மார்த்தாண்டமும் களியக்காவிளையும் நினைவகத்தில் எங்கும் இல்லை. நிரல் நிற்கவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. அதனாலேயே இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம்.

படி 3: திசையை மாற்றுங்கள்

இப்போது கடைசியிலிருந்து தொடங்குங்கள். களியக்காவிளையை வெறுமையாக உள்ள 5ஆம் கட்டத்திலும், மார்த்தாண்டத்தை 4இலும், தக்கலையை 3இலும் எழுதினால், எந்தப் பெயரும் படிக்கப்படுவதற்கு முன் அழிவதில்லை. 2ஆம் கட்டத்தில் இன்னும் தக்கலையின் பழைய நகல் இருக்கும். அதன்மேல் வில்லுக்குறியை எழுதிவிடலாம்.

ஆனால் கடைசியிலிருந்து எடுப்பதே எப்போதும் சரி என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டாம். வில்லுக்குறியை மீண்டும் நீக்க விரும்பினால், 3, 4, 5ஆம் கட்டங்களை முறையே 2, 3, 4க்குக் கொண்டுவர வேண்டும். அப்போது கடைசியிலிருந்து தொடங்கினால் மூன்று கட்டங்களிலும் களியக்காவிளையே நிற்கும். நீக்கும்போது முன்பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். நகர்த்தி முடித்த பிறகு 5ஆம் கட்டத்தில் களியக்காவிளையின் பழைய நகல் மிஞ்சியிருக்கும் என்பதால், நிறுத்தங்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கவும் மறக்கக்கூடாது.

படி 4: அதை ஒரு ஃபங்ஷனாக எழுதுங்கள்

இலக்கு, மூலம், பைட் எண்ணிக்கை என்று மூன்று உள்ளீடுகள் போதும். இலக்கின் முகவரி மூலத்தின் முகவரியைவிடப் பெரியதாகவும், மூலத்தோடு எண்ணிக்கையைக் கூட்டி வரும் முகவரியைவிடச் சிறியதாகவும் இருந்தால், கடைசி பைட்டிலிருந்து பின்னோக்கி நகலெடுங்கள். மற்ற எல்லா நிலைகளிலும் முதல் பைட்டிலிருந்து முன்னோக்கி நகலெடுங்கள். நம் எடுத்துக்காட்டில் 1192 என்பது 1128ஐவிடப் பெரியது, 1320ஐவிடச் சிறியது, எனவே பின்னோக்கு.

முகவரிகளைத் தாங்கும் இரண்டு பாயிண்டர்களில் எது பெரியது என்று ஒப்பிடுவதற்கு, அவை இரண்டும் ஒரே அணிக்குள் இருந்தால் மட்டுமே சி மொழியின் தர வரையறை பொருள் தருகிறது. நம் பயிற்சியில் அப்படியே இருப்பதால் தடையில்லை.

படி 5: உண்மையான வேலைக்கு நூலக ஃபங்ஷனையே பயன்படுத்துங்கள்

இதே வேலையைச் செய்ய மெம்மூவ் என்ற ஃபங்ஷன் 1989ஆம் ஆண்டின் சி தர வரையறையிலிருந்தே இருக்கிறது. எல்லா பைட்டுகளையும் முதலில் வேறொரு தற்காலிக இடத்துக்கு எடுத்து, அங்கிருந்து இலக்கில் எழுதியது போன்ற விளைவை அது உறுதியளிக்கிறது. அதே நூலகத்தில் பைட்டுகளை நகலெடுக்க உள்ள மெம்காப்பி என்ற ஃபங்ஷன் அத்தகைய உறுதி எதையும் தருவதில்லை. பகுதிகள் படிந்தால் என்ன நடக்கும் என்பதைத் தர வரையறை வரையறுக்காமலே விட்டிருக்கிறது.

"என் கணினியில் மெம்காப்பி சரியாகத்தானே வேலை செய்கிறது" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அதற்கு 2010இல் நடந்த ஒன்றே பதில். லினக்ஸில் பயன்படும் சி நூலகமான ஜிலிப்சி, சில செயலிகளில் வேகத்துக்காக மெம்காப்பியைப் பின்னோக்கி நகலெடுக்குமாறு மாற்றியது. ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், இணையத்தில் காணொளிகளை இயக்கிய 64-பிட் அடோபி ஃபிளாஷ், படியும் பகுதிகளுக்கும் மெம்காப்பியையே அழைத்துக்கொண்டிருந்ததால், அதன் ஒலி சிதைந்து கேட்டது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உள்படப் பலர் அதைப் பற்றி நீண்ட விவாதம் நடத்தினார்கள். பல காலம் பிழையின்றி ஓடிய நிரல், அதில் ஒரு வரியும் மாறாமலே பழுதாயிற்று. பகுதிகள் படியாது என்று உங்களால் நிறுவ முடிந்தாலன்றி, மெம்மூவையே எழுதுங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை.

மெம்மூவுக்குத் தரும் மூன்றாம் உள்ளீடு கட்டங்களின் எண்ணிக்கை அல்ல, பைட்டுகளின் எண்ணிக்கை. 192 என்பதற்குப் பதில் 3 என்று கொடுத்தால், தக்கலையின் முதல் எழுத்து மட்டும் நகர்ந்து, 3ஆம் கட்டம் "தார்த்தாண்டம்" என்று மாறிவிடும். எண்ணை நேரடியாக எழுதாமல், ஒரு கட்டத்தின் அளவைச் சைஸ்ஆஃப் கொண்டு பெற்று 3ஆல் பெருக்குங்கள்.

மெம்மூவ் காப்பது படிதலிலிருந்து மட்டுமே. அணியின் எல்லையை அது பார்ப்பதில்லை. 6ஆம் பெயருக்கு இடமில்லாத அணியில் தள்ளினால், அடுத்துள்ள வேறொரு மாறியின் தரவை அழித்துவிடும். வெறுமையான கட்டம் இருக்கிறதா என்பதை நகர்த்துவதற்கு முன்பே நீங்கள்தான் சோதிக்க வேண்டும்.

படி 6: சோதியுங்கள்

கம்பைல் செய்யும்போது, நினைவகப் பிழைகளைக் கண்டறியும் அட்ரஸ் சானிடைசரை இயக்கினால், படியும் பகுதிகளுக்கு மெம்காப்பி அழைக்கப்படும் இடத்தை அது நிரல் ஓடும்போது சுட்டிக்காட்டும். அதே வேலைக்கான மற்றொரு கருவியான வால்கிரைண்டும் அவ்வாறே எச்சரிக்கும். எனினும், அந்த வரி உண்மையில் ஓடினால்தான் இவை கண்டுபிடிக்கும். எனவே நீங்கள் எழுதிய ஃபங்ஷனை வலப்பக்கமாகவும் இடப்பக்கமாகவும் நகர்த்தி, மூலமும் இலக்கும் ஒரே முகவரியாக இருக்கும்போதும், எண்ணிக்கை 0 ஆக இருக்கும்போதும் இயக்கி, ஒவ்வொரு முறையும் ஆறு கட்டங்களையும் அச்சிட்டு, படி 1இல் வரைந்த தாளோடு ஒப்பிடுங்கள்.