புது ஆல்பத்துக்கு வந்த விமர்சனங்களைப் படிப்பது எப்படி? பிக் தீஃப் ஆல்பத்தை வைத்து ஒரு செய்முறை

முதலில் பாட்டு, பிறகுதான் மதிப்பெண். பத்துக்கு 9.0 என்று ஓர் எண் கண்ணில் பட்டுவிட்டால் காது அதற்கு ஒத்து ஊத ஆரம்பித்துவிடும். அப்புறம் நம் கருத்து எது, படித்த கருத்து எது என்று பிரிக்கவே முடியாது.

நியூயார்க்கின் இண்டி ஃபோக் (நாட்டுப்புற இசைச் சாயலுள்ள சுயேச்சை இசை) குழு பிக் தீஃப், 2022 பிப்ரவரி 11 அன்று வெளியிட்ட 'டிராகன் நியூ வார்ம் மவுண்டன் ஐ பிலீவ் இன் யூ' ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். 20 பாட்டுகள், ஏறக்குறைய 80 நிமிடம். ஒரே மூச்சில் கேட்டால் 14ஆம் பாட்டுக்கு மேல் காது களைத்துவிடும். கடைசிப் பாட்டுகளுக்கு அநியாயம் நடக்கும். ஐந்தைந்தாகப் பிரித்து, நடுவில் கால் மணி நேரம் விட்டுக் கேளுங்கள். முதல் சுற்று ஸ்பீக்கரில், இரண்டாவது ஹெட்ஃபோனில், மூன்றாவது பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மனதில் நின்ற பாட்டின் பெயரையும், ஏன் நின்றது என்று ஒரு வரியையும் எழுதுங்கள்.

அடுத்தது, யார் எங்கே பதிவு செய்தார்கள் என்ற விவரம். பலரும் தாண்டிப் போகும் பக்கம் இது. விமர்சனத்தை எடைபோட இதைவிட நல்ல தராசு கிடையாது. இந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர் குழுவின் டிரம்மர் ஜேம்ஸ் கிரிவ்சீனியாவே. நியூயார்க் மாநிலத்தின் வடபகுதி, கலிபோர்னியாவின் டொபாங்கா, கொலராடோ மலை, அரிசோனாவின் டூசான் என நான்கு இடங்களில், இடத்துக்கொரு ஒலிப்பதிவாளரோடு 45 பாட்டுகளைப் பதிவு செய்து, அதிலிருந்து 20ஐத் தேர்ந்தெடுத்தார்கள். 'சர்ட்டன்டி' பாட்டு மின்வெட்டு நேரத்தில் வீட்டுத் திண்ணையில், வண்டியின் சிகரெட் லைட்டரிலிருந்து மின்சாரம் எடுத்து, நான்கு டிராக் டேப்பில் (நான்கு ஒலித்தடங்களை மட்டும் பதியும் எளிய கருவி) பதிவானது. இது தெரிந்திருந்தால், 'ஒலி பாட்டுக்குப் பாட்டு மாறுகிறது' என்று ஒருவர் குறை சொல்லும்போது, அவர் கேட்டது கவனக்குறைவையா, வேண்டுமென்றே செய்த வேலையையா என்று உங்களால் தீர்மானிக்க முடியும்.

இப்போது எண்களுக்கு வரலாம். பல பத்திரிகைகளின் விமர்சனங்களைத் திரட்டி ஒரே மதிப்பெண்ணாகத் தரும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் குறைந்தது 4 விமர்சனங்கள் சேர்ந்தால்தான் சராசரி போடுவார்கள். எல்லாப் பத்திரிகைக்கும் ஒரே எடை கிடையாது. எதற்கு எவ்வளவு என்பதை வெளியிடுவதும் இல்லை. நட்சத்திரங்களையும் நூற்றுக்கு மாற்றுகிறார்கள். சிக்கல் இங்கேதான். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர் 'நன்றாக இருக்கிறது, கேட்கலாம்' என்ற எண்ணத்தில் கொடுத்திருப்பார். அது 60 ஆகி, 'கலவையான வரவேற்பு' என்ற மஞ்சள் கட்டத்தில் போய் விழும்.

சராசரி மறைப்பது இன்னொன்றும் உண்டு. ஓர் ஆல்பத்துக்கு 100, 90, 80, 80, 60. இன்னொன்றுக்கு ஐந்து பேரும் 82. எடையை விட்டுவிட்டுக் கூட்டினால் இரண்டுக்கும் சராசரி 82தான், இரண்டுமே 'ஏகோபித்த பாராட்டு' வரிசையில்தான் நிற்கும். ஆனால் முதலாவது ஆளைப் பிரிக்கிற ஆல்பம். இரண்டாவது யாருக்கும் உறுத்தாத ஆல்பம். ஆகவே 60 கொடுத்தவரை முதலில் படியுங்கள், 100 கொடுத்தவரை அடுத்து. நடுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்த இருவரின் வாதத்தையும் பாதிப் பாதி சொல்லியிருப்பார்கள்.

ஐந்து விமர்சனம் போதும். ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: பாட்டின் பெயர், விமர்சகர் சொன்னது, உங்கள் காது சொன்னது. முதல் நெடுவரிசை வெறுமையாகவே இருந்தால் அந்த விமர்சனத்தை ஒதுக்கிவிடலாம். முன்கூட்டியே வெளியான பாட்டுகள் மட்டும் அதில் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். இந்த ஆல்பத்தின் 'லிட்டில் திங்ஸ்', 'ஸ்பாரோ' இரண்டும் 2021லேயே வந்துவிட்டவை. 'இதமானது', 'அந்தரங்கமானது' என்ற சொற்கள் எந்த ஃபோக் ஆல்பத்துக்கும் பொருந்தும், அவற்றை அடித்துவிடுங்கள். 'ஸ்பட் இன்ஃபினிட்டி'யில் டொயிங் டொயிங் என்று துள்ளும் கருவி, நம் மோர்சிங்கின் உறவு. அது பாட்டைக் கெடுக்கிறதா, வரிகளின் குறும்புக்குத் துணை நிற்கிறதா? இப்படி ஒரு குறிப்பிட்ட ஓசையைப் பற்றி வாதாடும் விமர்சகர், நீங்கள் ஒத்துப்போகாவிட்டாலும், கேட்டுவிட்டு எழுதியவர்.

ஃபோக் இசைக்கே உரிய ஒரு பொறியும் உண்டு: பின்கதை. பான் ஐவர் என்ற அமெரிக்க ஃபோக் குழுவின் முதல் ஆல்பத்தை அதன் பாடகர் ஜஸ்டின் வெர்னன் விஸ்கான்சின் மாநிலத்தில் தன் அப்பாவின் மரவீட்டில், ஒரு குளிர்காலத்தில் தனியாக உருவாக்கினார் என்பது இசையைவிடப் பிரபலம். கதைக்கு எத்தனை பத்தி, பாட்டுக்கு எத்தனை பத்தி என்று எண்ணிப் பாருங்கள். கதை பாதிக்கு மேல் போனால், அந்த மதிப்பெண்ணில் மரவீட்டுக்கும் பங்கு உண்டு.

படித்ததைத் தொகுத்து நீங்கள் எழுதுவதானால், 'விமர்சகர்கள் கொண்டாடினார்கள்' என்பது போதாது. பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இணைய இதழ் இந்த ஆல்பத்துக்கு 9.0 கொடுத்தது, கிராமியில் சிறந்த ஆல்டர்னேட்டிவ் ஆல்பம் பிரிவில் பரிந்துரையானது என்று, யார் எதைச் சொன்னார்கள் என்பதோடு எழுதுங்கள். நீளத்தைப் பற்றிய கேள்வியையும் விடக்கூடாது. 20 பாட்டில் எந்த நான்கை எடுத்தால் ஆல்பம் இறுகும் என்று நீங்களே ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். நான்கு பெயர் சட்டென்று வரவில்லை என்றால், நீளம் என்ற குறை உங்கள் காதில் நிற்கவில்லை.

வெளியான வாரத்துத் தீர்ப்பு மாறவும் செய்யும். பிட்ச்ஃபோர்க்கே 2021இல் 19 பழைய ஆல்பங்களுக்குப் புது மதிப்பெண் போட்டது. வில்கோ என்ற அமெரிக்க ராக் குழுவின் 'ஸ்கை ப்ளூ ஸ்கை' 5.2இலிருந்து 8.5க்கு ஏறியது. எனவே உங்கள் தாளில் தேதி போட்டு வையுங்கள். ஓராண்டு கழித்து அதே 20 பாட்டையும் கேட்டு, பழைய குறிப்பை அழிக்காமல், பக்கத்திலேயே வேறு மையில் எழுதுங்கள்.