மேம்படுத்திய பின் உறைந்து நிற்கும் மடிக்கணினி

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிவடைந்ததால், மடிக்கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றியவர்களில் சிலர், திரை அடிக்கடி அசைவற்று நின்றுவிடுவதைக் கண்டிருப்பார்கள். முதல் ஓரிரு நாள்கள் கோப்புகளை அட்டவணைப்படுத்தும் வேலை பின்னணியில் நடப்பதால் கணினி சற்று மந்தமாக இருப்பது இயல்பே. அதன் பிறகும் நீடித்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது, திரையில் காட்சியைத் தரும் பாகத்தை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரைத்தான்.

திரை உறைந்த நேரத்தில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்திப் பாருங்கள். அது அந்த டிரைவரை மட்டும் மீண்டும் தொடங்கச் செய்யும். திரை ஒரு கணம் இருண்டு உயிர்பெற்றால், கோளாறு எங்கே என்பது ஏறத்தாழ விளங்கிவிடும். அப்போது மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து, உங்கள் மாடலுக்கென்றே தரப்பட்டுள்ள டிரைவரை இறக்கி நிறுவுங்கள். டிரைவர்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் இலவசச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை.

பலன் இல்லையென்றால், செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியின் கீழ் உள்ள ரெக்கவரி வழியாகப் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். ஆனால் இந்த வசதி பொதுவாக 10 நாள்களுக்கு மட்டுமே இருக்கும். இடத்தை மிச்சப்படுத்த எண்ணி, பழைய பதிப்பின் கோப்புகள் இருக்கும் 'விண்டோஸ்.ஓல்டு' (Windows.old) கோப்புறையை அதற்குள் அழித்துவிட்டால் அதுவும் கிடைக்காது.